கருமணல் தந்த வெள்ளை: டைட்டானிய, சிர்கோனியக் கனிமங்களின் வீட்டுப் பயன்பாடு

இல்மனைட், ரூட்டைல், சிர்கான் மூன்றும் கடற்கரை மணலில் சேர்ந்தே ஒதுங்கும் கனமான தாதுக்கள். முதலிரண்டில் டைட்டானியமும் மூன்றாவதில் சிர்கோனியமும் உள்ளன. டைட்டானியம் என்றால் விமானமும் முறிந்த எலும்பில் வைக்கும் தகடும் நினைவுக்கு வரும். ஆனால் தோண்டியெடுக்கும் டைட்டானியத் தாதுவில் உலோகமாவது சிறு பங்கே. பெரும்பங்கு டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியாகி சுவர் பெயின்ட், பிளாஸ்டிக் வாளி, பற்பசை, மாத்திரையின் மேல்பூச்சு என வீடு முழுக்கப் புழங்குகிறது. ஜன்னல் கிரில்லைப் பற்றவைக்கும் வெல்டிங் ராடின் பூச்சிலும் ரூட்டைல் உண்டு. ஆனாலும் இவற்றின் வீட்டு வரலாறு முதன்மையாக வெண்மையின் வரலாறே. அந்த வெண்மை எங்கே தேவை, எங்கே வீண் என்று பார்த்துத்தான் இவற்றை மதிப்பிட வேண்டும்.

ஜெர்மானிய வேதியியலர் கிளாப்ரோத் 1789இல் இலங்கையிலிருந்து வந்த சிர்கான் கல்லில் சிர்கோனியத்தின் ஆக்சைடைக் கண்டறிந்தார். 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பாதிரியார் வில்லியம் கிரிகோர் கருமணலை ஆராய்ந்து டைட்டானியத்தைக் கண்டார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் வீட்டில் இவற்றுக்குப் பெரிய வேலையில்லை. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிவந்த மணலில் மோனசைட் என்ற தோரியத் தாது இருப்பதைக் கண்டு, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் ஆலை அமைத்தார். அவர் தேடியது கேஸ் விளக்கு மேன்டிலுக்கான தோரியம். அதே மணலில் பல மடங்கு கிடந்த இல்மனைட்டை அன்று கேட்பாரில்லை. முதல் உலகப் போரையொட்டி நார்வேயிலும் அமெரிக்காவிலும் வெள்ளை நிறமித் தயாரிப்பு தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழானது. மின்விளக்கு பரவி மேன்டில் ஒதுங்க, 1920களில் இல்மனைட் கப்பலேறியது. மணலைப் பிரிக்கும் வழி அழகானது: இல்மனைட்டைக் காந்தம் இழுத்துக்கொள்ளும், மின்சாரம் கடத்தும் ரூட்டைலை உயர் மின்னழுத்தம் தனியாக்கும், இரண்டுக்கும் அசையாத சிர்கான் எஞ்சும்.

டைட்டானிய வெள்ளையின் பெரும் நன்மை, நச்சான ஈய வெள்ளையைச் சுவரிலிருந்து விரட்டியது. ஈய வெள்ளையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2, ரூட்டைலுக்கு 2.7. ஆகவே மெல்லிய பூச்சே அடிச்சுவரை மறைத்துவிடும். ஈயத்தை விரட்டியது சட்டம்தானே, 1921இல் ஜெனீவாவில் பன்னாட்டு உடன்படிக்கையே வந்ததே என்று கேட்கலாம். மாற்றுப் பொருள் கைக்கு வராதவரை தடை ஏட்டளவில்தான் நிற்கும். அதேசமயம் மாற்று மட்டும் போதாது என்பதும் உண்மை. மஞ்சள் நிறமியாகவும் உலர்த்தியாகவும் ஈயம் பெயின்ட்டில் நீடித்ததால்தான் இந்தியா 2017இல் 90 பிபிஎம் வரம்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உணவில் டைட்டானியம் டை ஆக்சைடின் கதை வேறு. மரபணுச் சேதத்துக்கான வாய்ப்பை மறுக்க முடியவில்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் கூறியது. மறு ஆண்டே ஐரோப்பிய ஒன்றியம் உணவில் இதைத் தடுத்தது. பிற நாடுகள் சில அந்தச் சான்று போதாது என்கின்றன. ஆனால் மிட்டாயை வெளுப்பாகக் காட்டுவதைத் தவிர அங்கே இதற்கு வேலை இல்லை. பயனே இல்லாத இடத்தில் சிறு ஐயமும் விலக்கப் போதுமான காரணம்.

சிர்கானின் இடம் குளியலறை. உடைந்த சுவர் டைலின் விளிம்பைப் பார்த்தால் செம்மண் நிற உடலும், மேலே காகிதக் கனத்தில் வெள்ளைப் பூச்சும் தெரியும். நுண்ணிய மாவாக அரைத்த சிர்கான் சூளைச் சூட்டிலும் பூச்சில் முழுதாகக் கரையாமல் துகளாகவே நின்று ஒளியைச் சிதறடிப்பதால் அந்த வெள்ளை. விலை மிகுந்த வெள்ளீய ஆக்சைடு செய்த வேலையை இது மலிவாகச் செய்தது. கழிப்பறைக் கோப்பையின் வெண்மையும் பெரும்பாலும் இதனால்தான். அழுக்கு பளிச்சென்று தெரியும் பரப்பு சுகாதாரத்துக்கு உதவும்.

இத்தனைக்கும் விலை கொடுப்பது கடற்கரைதானே என்ற கேள்வி மிகக் கனமானது. தமிழக அரசு 2013இல் தாது மணல் எடுப்பதை நிறுத்தியது. 2019இல் ஒன்றிய அரசு தனியாரை விலக்கியது. அரசு நிறுவனமான ஐஆர்இஎல் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிள்ளியூர் வட்டத்தில் மணல் எடுக்கத் திட்டமிட்டபோதும் மீனவ ஊர்கள் எதிர்த்தன. வீட்டுக்குத் தேவை என்ற ஒரே சொல் அந்த எதிர்ப்புக்குப் பதிலாகாது. ஈயத்தை விலக்கும் பெயின்ட்டையும் மிட்டாய்ப் பூச்சையும் ஒரே கணக்கில் கூட்டி, அந்தத் தொகையைக் காட்டிக் கரையைக் கேட்பது நியாயமல்ல.