தருமசேனரும் திலகவதியாரும்: துறவு மடமும் உடன்பிறப்புப் பற்றும்

இன்று கடலூர் நகரின் ஒரு பகுதியாக இருக்கும் திருப்பாதிரிப்புலியூரில் ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் புகழ்பெற்ற சமணப் பள்ளி ஒன்று இருந்தது. அதன் தலைமைத் துறவியருள் ஒருவரான தருமசேனர், நோயுற்ற நிலையில் ஓர் இரவில் பள்ளியை விட்டு வெளியேறித் தம் தமக்கையைத் தேடிச் சென்றார். பின்னாளில் திருநாவுக்கரசர், அப்பர் என்று அறியப்பட்டவர் அவரே. இந்நிகழ்வு பெரும்பாலும் சைவ, சமணப் போராட்டத்தின் ஒரு பகுதியாகவே படிக்கப்படுகிறது. துறவு மடங்கள் விலக்கி வைத்த உறவும் அன்பும் என்னவாயின என்ற கேள்வியோடும் இதைப் படிக்க இடமுண்டு.

பாடலிபுரத்துப் பள்ளி

பாதிரி மரத்திற்கு வடமொழியில் பாடலி என்று பெயர். திருப்பாதிரிப்புலியூர், பாடலிபுரம் என்னும் இரு பெயர்களும் இம்மரத்தால் வந்தவை. இங்கே கி.பி. 458இல் சர்வநந்தி என்ற துறவி 'லோகவிபாகம்' என்னும் பிராகிருத நூலை எழுதினார். இந்நூலைப் பின்னர் வடமொழியில் தந்த சிம்மசூரி, சக ஆண்டு 380, காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு என்று காலத்தைக் குறித்துள்ளார். பல்லவர் காலக் கணிப்புக்கு உதவும் முக்கியச் சான்றுகளில் இதுவும் ஒன்று. மேலுலகம், நடுவுலகம், கீழுலகம், விண்மீன்கள் ஆகியவற்றின் அமைப்பை விளக்கும் நூல் அது. விண்ணையும் மண்ணையும் அளந்து எழுதும் அளவுக்குக் கல்வி வளம் பெற்ற பள்ளியில்தான் தருமசேனர் தலைமை பெற்றார்.

நின்றுவிட்ட திருமணம்

தருமசேனரின் இயற்பெயர் மருணீக்கியார். ஊர் இன்றைய பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூர். தந்தை புகழனார், தாய் மாதினியார், தமக்கை திலகவதியார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் இக்குடும்பத்தின் கதையை விரிவாகச் சொல்கிறது.

திலகவதியாருக்குப் பன்னிரண்டு வயதானபோது கலிப்பகையார் என்ற படைத்தலைவர் அவரை மணம் பேசப் பெரியோரை அனுப்பினார். புகழனார் இசைந்தார். மணம் நிகழும் முன்னரே, வடபுலத்து மன்னரை எதிர்க்கும்படி அரசனின் ஆணை வந்ததால் கலிப்பகையார் போர்முனைக்குச் சென்றார். போர் நீண்டது. அதற்குள் புகழனார் நோயால் இறந்தார். மாதினியாரும் கணவரைத் தொடர்ந்து உயிர் நீத்தார். பிள்ளைகள் இருவரும் அந்தத் துயரில் இருக்கும்போதே கலிப்பகையார் போரில் மாண்ட செய்தி வந்தது.

பெற்றோர் தம்மை அவருக்குக் கொடுக்க இசைந்ததால் தம் உயிரும் அவருக்கே உரியது என்று திலகவதியார் இறக்கத் துணிந்தார். தம்பி அவர் காலில் விழுந்து, தாயும் தந்தையும் போன பின்னும் அக்காள் இருப்பதாலேயே தாம் வாழ்வதாகவும், அவர் பிரிந்தால் தாம் முன்னதாகவே இறந்துவிடுவதாகவும் அழுதார். தம்பி உயிரோடிருக்க வேண்டும் என்பதற்காகவே திலகவதியார் தம் முடிவைக் கைவிட்டார். தாலி அணியாமல், மறுமணம் கருதாமல், வீட்டிலேயே தவ வாழ்வு மேற்கொண்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திலகவதியார் மணமாகாதவர். ஆயினும் பேச்சளவில் முடிந்த மணமே அவரைக் கைம்பெண் நிலைக்குத் தள்ளப் போதுமானதாக இருந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமியின் எதிர்காலம் ஒரு போர்க்களத்தில் முடிந்தது. காப்பியம் இதைக் கற்பின் சிறப்பாகப் போற்றுகிறது. இன்றைய வாசகர் அக்காலப் பெண்ணுக்கு வேறு வழி எதுவும் இருக்கவில்லை என்பதையும் அதே வரிகளில் காணலாம்.

துறவின் விதி

நிலையாமையை எண்ணிய மருணீக்கியார் செல்வத்தை அறச்செயல்களில் செலவிட்டார். தண்ணீர்ப் பந்தல்கள் அமைத்தார். பின்னர்ச் சமணம் புகுந்தார். அடுத்தடுத்து நேர்ந்த மரணங்களைக் கண்ட இளைஞர் நிலையாமையை முதன்மையாகப் போதித்த நெறியை நாடியது இயல்பே.

சமணத் துறவியர்க்கு ஐந்து மாநோன்புகள் உண்டு: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, காமம் விலக்கல், பற்று விடுதல். ஐந்தாவது நோன்பு பொருளைத் துறப்பதோடு நிற்பதில்லை. மனத்தில் உள்ள விருப்பு வெறுப்புகளையும் துறக்கச் சொல்கிறது. மகாவீரரின் முதன்மைச் சீடர் இந்திரபூதி கௌதமர் பற்றிய மரபுக் கதை இதன் கடுமையைக் காட்டும். குருவின் மேல் கொண்ட அன்பே கௌதமருக்கு முழுஞானம் வாய்ப்பதைத் தடுத்தது என்றும், மகாவீரர் வீடுபேறு அடைந்த பின்னரே அந்தத் தளை அறுந்தது என்றும் அக்கதை கூறும். குருவின் மேல் கொண்ட பற்றே தளையென்றால் தமக்கையின் மேல் கொண்ட பற்று என்னாகும்?

வேறு நாடுகளிலும் இக்கேள்வி எழுந்தது. ஐரோப்பாவில் வாளேந்திய துறவியரான டெம்ப்ளர் சங்கத்துக்கு 1129இல் துருவா நகரில் கூடிய திருச்சபைப் பேரவையில் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. எந்தப் பெண்ணையும் முத்தமிடலாகாது என்று அவ்விதி கூறியது. அந்தத் தடையில் தாயும் உடன்பிறந்தாளும் அடங்குவர்.

இரவில் வெளியேறியவர்

தம்பி சமணம் புகுந்ததை அறிந்த திலகவதியார் திருவதிகைக்குச் சென்று, கெடிலத்தின் கரையிலுள்ள வீரட்டானக் கோயிலில் தொண்டு செய்தார். விடியும் முன் அலகிட்டு, மெழுகி, மலர் பறித்து மாலை கட்டினார். பறக்கும் மூன்று கோட்டைகளைச் சிவன் எரித்த புராணத்துக்கு உரிய தலம் அது. தம்பியை மீட்டுத் தர வேண்டும் என்பதே அங்கு அவர் வைத்த வேண்டுதல்.

தருமசேனருக்குக் கடும் சூலை நோய் கண்டது. பள்ளியிலிருந்தோர் தம் மந்திரங்களால் தீர்க்க முயன்றும் பயனில்லை. அவர் தமக்கைக்கு ஆள் அனுப்பினார். சமணப் பள்ளிக்குத் தாம் வர இயலாது என்று திலகவதியார் மறுத்துவிட்டார். அவரும் தம் நெறியில் உறுதியானவர். அன்பு இருந்தும் எல்லையைத் தாண்டவில்லை. எல்லையைத் தாண்டியவர் தம்பியே. உடுத்திருந்த பாயையும், உறிக் கமண்டலத்தையும், மயிற்பீலியையும் விட்டுவிட்டு, வெண்ணிற ஆடை உடுத்தி, எவரும் அறியாமல் இரவில் திருவதிகை வந்து தமக்கையின் காலில் விழுந்தார். அவர் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே கொல்லிப் பண்ணில் பிறந்தது நாவுக்கரசரின் முதல் பதிகம்.

இவ்விரு காட்சிகளும் ஒன்றுக்கொன்று எதிரொலி. முன்பு தம்பி அழுது தமக்கையை உயிர்வாழச் செய்தார். இப்போது தமக்கை தம்பியைப் பிழைக்கச் செய்கிறார். காப்பியத்தின் நோக்கம் சைவத்தின் வெற்றியைச் சொல்வது. ஆயினும் கதையை நகர்த்துவது சமய வாதம் அன்று, இரு அனாதைகள் ஒருவர்க்கொருவர் பட்ட கடன்.

மன்னனும் அவன் நாடகமும்

இச்செயலால் பள்ளியிலிருந்தோர் சினந்து பல்லவ மன்னனிடம் முறையிட்டதாகவும், நாவுக்கரசர் நீற்றறையிலும், நஞ்சாலும், யானையாலும், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தும் துன்புறுத்தப்பட்டதாகவும் பெரியபுராணம் கூறும். அவர் கரையேறியதாக மரபு சொல்லும் இடம் கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரோடு இன்றும் உள்ளது. பின்னர்ச் சைவனான மன்னன் பாடலிபுரத்துப் பள்ளியை இடித்து, அக்கற்களால் திருவதிகையில் குணபர ஈச்சரம் எழுப்பினான் என்றும் அந்நூல் சொல்கிறது. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். ஆகவே இம்மன்னன் அவனே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் வடமொழி நாடகமும் துறவியரின் பற்றைப் பற்றியதே. அதில் காபாலிகத் துறவி சத்தியசோமன் தன் காதலி தேவசோமையோடு காஞ்சித் தெருக்களில் குடித்துத் திரிகிறான். புத்தத் துறவி நாகசேனனோ, புத்தர் பெண்ணையும் மதுவையும் அனுமதித்த மூலநூல் எங்கோ மறைக்கப்பட்டிருக்கும் என்று ஏங்குகிறான். மடங்களின் விதிக்கும் வாழ்வுக்கும் இருந்த இடைவெளி அக்காலத்தவர்க்கு நன்கு தெரிந்திருந்தது.

தில்லையின் விடை

சேக்கிழார் தம் நூலை அரங்கேற்றியதாக மரபு கூறும் சிதம்பரம் இக்கேள்விக்கு வேறு விடை தந்தது. நடராசர் கோயில் தீட்சிதர்களுக்குத் திருமணம் ஆன பின்னரே பூசை செய்யும் உரிமை கிடைக்கும். இல்லறம் அங்கே தகுதி, தடை அன்று. தில்லைக் குயவரான திருநீலகண்டர் கதையோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பரத்தையிடம் சென்ற கணவரைத் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுத் தீண்ட விடாது தடுத்தார் மனைவி. இருவரும் ஒரே வீட்டில் முதுமை வரை தீண்டாமல் வாழ்ந்தனர். அவர்கள் ஒரு கோலின் இரு முனைகளைப் பிடித்துக் குளத்தில் மூழ்கி இளமை பெற்றதன் நினைவாக இளமையாக்கினார் கோயில் அங்கே உள்ளது.

விண்வெளிக் கதையும் கெடிலக் கரையும்

'ஸ்டார் வார்ஸ்' திரைப்பட வரிசையின் ஜெடாய் வீரர்களும் பற்றை விலக்கிய துறவியரே. 2002இல் வந்த படத்தில் இளம் ஜெடாய் அனகின், தாயின் துன்பத்தைக் கனவில் கண்டு தேடிச் செல்கிறான். தாய் அவன் கையில் இறக்கிறாள். பத்மேயை அவன் மறைவாக மணக்கிறான். இழப்புக்கு அஞ்சும் அந்த அன்பே பின்னர் அவனை அழிவுக்கு இட்டுச் செல்கிறது. அன்பை விடச் சொன்ன சங்கம், துயரத்தை எங்கே இறக்கி வைப்பது என்று அவனுக்குச் சொல்லவில்லை. தருமசேனருக்குப் பள்ளிக்கு வெளியே திறந்திருந்த கதவு ஒன்று இருந்தது.

மதிப்பீடு

நாவுக்கரசருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிற்பட்டது பெரியபுராணம். அது ஒரு தரப்பின் நூல். பாடலிபுரத்துத் துறவியரின் தரப்பைச் சொல்ல அவர்கள் நூல் எதுவும் நம்மிடம் இல்லை. எனவே கொடுமைகளைப் பற்றிய செய்திகளை வரலாறாக அப்படியே கொள்வது பொருந்தாது. அவர் சமணத்தில் இருந்ததும், நோயுற்றதும், அந்நாட்களை எண்ணி வருந்தியதும் அவர் பதிகங்களாலேயே தெரிகின்றன.

நாவுக்கரசர் சைவத்துக்கு வந்த பின்னும் மணம் செய்துகொள்ளவில்லை. கையில் உழவாரத்தோடு துறவியாகவே வாழ்ந்தார். பற்றை அவர் அறுக்கவில்லை, இறைவன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரை அப்பர் என்று உறவுமுறை சொல்லி அழைத்தவர் திருஞானசம்பந்தர். இருமுறை உயிர்களைக் காத்த திலகவதியார் அறுபத்துமூவர் பட்டியலில் இல்லை. திருவதிகைக் கோயிலில் அவருக்குத் தனிச் சன்னதி உண்டு.