எடையும் ஏளனமும்: ஒரு பள்ளித் திட்டத்தின் வரலாறு



டோபி காட் என்னும் இடப்பெயரின் பொருளை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் மாணவர் வியப்படைவதுண்டு. பிராஸ் பாசா சாலையை ஒட்டி ஓடிய நீரோடையில், இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் துணி துவைத்து, அருகிலிருந்த புல்வெளியில் உலர்த்தினர். 'டோபி' என்பது சலவையாளரையும் 'காட்' என்பது படித்துறையையும் குறிக்கும் இந்திச் சொற்கள். நாள் முழுவதும் கல்லில் துணியை ஓங்கி அடித்த அம்மனிதருக்கு உடற்பயிற்சி என்று தனியே ஒன்று தேவைப்பட்டிராது. இன்று அவ்விடத்தின் நிலத்தடியில் மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன. மின்படிகளும் நகரும் நடைபாதைகளும் நம்மைச் சுமந்து செல்கின்றன.

உழைத்த உடல் அமர்ந்த உடலாக மாறியது வியப்பூட்டும் வேகத்தில் நிகழ்ந்தது. போர் முடிந்த மறு ஆண்டில், அதாவது 1946இல், மக்கள் உணவகங்களைத் திறந்து 35 காசுக்கு ஒரு வேளை உணவளித்தது அன்றைய அரசு. அடுத்த ஆண்டே பசித்த பிள்ளைகளுக்கென உணவளிக்கும் நிலையங்கள் தோன்றின. அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. அதே தீவில் பிள்ளைகளின் மிகை எடை அரசின் கவலையாயிற்று.

1992இல் பிரதமர் கோ சோக் தோங் தேசிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். மறு ஆண்டு பாடாங் திடலில் 26,000க்கும் மேற்பட்டோர் ஒன்றுகூடி உடற்பயிற்சி செய்தனர். மூத்த ஆசிரியர் பலருக்கு அந்த இசையும் அசைவுகளும் இன்னும் நினைவிருக்கும்.

நம் பள்ளிகளை நேரடியாகத் தொட்டது அதே 1992இல் கல்வி அமைச்சு கொணர்ந்த 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம். சுருக்கமாக 'டாஃப்'. உயரத்திற்கேற்ற எடையை அளந்து, வரம்பை மீறிய மாணவரைத் தனிக் குழுவாக்கிக் கூடுதல் உடற்பயிற்சி அளிப்பது அதன் மையம். பள்ளி தொடங்குமுன் ஓட்டம், இடைவேளையில் கயிறு தாண்டுதல்; சில பள்ளிகளில் உணவகத்தில் எவ்வளவு கலோரி வாங்கலாம் என்று குறிக்கும் சீட்டுகள்கூட வழங்கப்பட்டன. பள்ளிகளின் உடலுறுதி நிலையும் மிகை எடை விழுக்காடும் விருதுகளைத் தீர்மானித்தன. ஆகவே பிள்ளையின் எடை பள்ளியின் பெருமையோடு பிணைக்கப்பட்டது. இதுவே அத்திட்டத்தின் மிகப்பெரிய கோளாறு என்பது என் கருத்து.

பெயரோ மேலும் தீங்கு செய்தது. அதன் மூன்று ஆங்கில எழுத்துகளையும் பின்னிருந்து படித்தால் 'ஃபேட்', அதாவது 'கொழுத்தவன்' என்றாகும். இதைப் பிள்ளைகள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டனர்! நான் அப்போது பணியாற்றிய பள்ளியில், மற்றவர் உண்டு முடித்துப் பந்தாடும் நேரத்தில் திடலைச் சுற்றி ஓடிய ஒரு சிறுமி, வகுப்புக்குத் திரும்பியதும் பின் வரிசையில் தலைகுனிந்து அமர்வாள். அவளைப் பெயர் சொல்லி அழைக்காமல் அந்த எழுத்துகளால் அழைத்தவர்கள் இருந்தனர்.

திட்டம் எண்ணிக்கையில் தோற்றுவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1992இல் சுமார் 14 விழுக்காடாக இருந்த மிகை எடை மாணவரின் பங்கு, பத்தாண்டுகளில் 10 விழுக்காட்டிற்குச் சற்றுக் கீழே இறங்கியது. மறுபுறம், உணவு மறுப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றோரைப் பற்றி 2005இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், அவர்களுள் சுமார் 11 விழுக்காட்டினர் முன்பு 'டாஃப்' குழுவில் இருந்தவர்கள் எனத் தெரியவந்தது. அதுவே நோய்க்குக் காரணம் என்று இதனால் நிறுவிவிட முடியாது. ஆயினும் புறக்கணிக்கத்தக்க செய்தி அன்று. 2007இல் திட்டம் கைவிடப்பட்டது. அதன் இடத்தில், எல்லா மாணவரின் உடல், மன, சமூக நலத்தையும் ஒருங்கே கருதும் முழுமைநல அணுகுமுறை வந்தது.

அதன்பின் கவனம் பிள்ளையை விட்டு அவன் உண்ணும் தட்டின்பால் திரும்பியது. 2001இல் அமைந்த சுகாதார மேம்பாட்டு வாரியம், 2011இல் பள்ளிகளில் ஆரோக்கிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. முழுத்தானியம், காய்கறி, பழம் ஆகியவை தட்டில் இடம்பெற வேண்டும். எண்ணெயில் பொரித்தவை குறைய வேண்டும். இதற்கு உணவகக் கடைக்காரர்களின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. கடைக்காரரைத் துணைவராக்குவது மாணவரைத் தண்டிப்பதைவிடக் கடினம். விலை, சுவை, விற்பனை எல்லாம் குறுக்கே நிற்கும். ஆனால் பத்து வயதுப் பிள்ளை சமைப்பதில்லை, மளிகை வாங்குவதில்லை. மாற்ற வேண்டிய இடத்தில் கைவைக்காமல் அவனை மட்டும் ஓடவிட்டோம்.

எனினும் மிகை எடை மாணவரின் பங்கு மீண்டும் ஏறியுள்ளது: 2017இல் 13 விழுக்காடு, 2021இல் 16 விழுக்காடு. இடையில் வந்த பெருந்தொற்றுக் காலம் பிள்ளைகளை வீட்டில் முடக்கியதை நாம் அறிவோம். பழைய திட்டமே மேல் என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். அந்தச் சிறுமியைப் பார்த்தவன் என்பதால் அதனை என்னால் ஏற்க இயலவில்லை.

இது நம் சமூகத்தை மிகவும் சுடும் செய்தி. 2017 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைக் கடந்த சிங்கப்பூரரில் பத்தில் மூவருக்கு நீரிழிவு என்றும், இந்தியரில் அது பத்தில் அறுவர் என்றும் கூறினார். தாத்தா பாட்டியின் மாத்திரைப் பெட்டியைத் தினமும் காணும் பிள்ளைகள் நம் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். காப்பிக்கடையில் 'கொசோங்' என்று சொல்லிச் சர்க்கரையில்லாத் தேநீர் வாங்கும் அப்பாக்கள் பெருகிவருவது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. வீட்டில் மட்டும் பிறந்தநாளுக்கு மூன்று வகை இனிப்பு இன்னும் குறையவில்லை.

எங்கள் பெற்றோர் சிலர் அண்மையில் ஒரு பழக்கத்தைத் தொடங்கியுள்ளனர். டோபி காட்டிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வடகிழக்குத் தடத்தில் ஒரே நிறுத்தம். அந்த ஒரு நிறுத்தத்தை அவர்கள் பிள்ளைகளோடு நடந்தே கடக்கின்றனர். ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகிறது. வழியில் கடைப்பலகைகளைத் தமிழில் படிக்கவைக்கிறார்களாம். எவரையும் எடைபோடுவதில்லை.