காட்டு வழியே சென்ற இரு படகுகள்

கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ வாழும் வாசகர்கள் கோடை விடுமுறை நாட்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. நடுத்தர அளவிலான ஜீப் ஒன்று, தன்னைவிட நீளமான உல்லாசப் படகொன்றை ட்ரெயிலரில் ஏற்றிப் பின்னால் இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் விரையும். மாலைக்குள் படகு ஏரியில் மிதக்கும். சாரதி ஒருவரே போதும். நீரில் ஒரு கைத்தள்ளலுக்கு அசைந்து கொடுக்கும் படகு, தரைக்கு வந்ததும் பெருஞ்சுமையாகி விடுகிறது. அந்தச் சுமையை இன்று இயந்திரம் தாங்குகிறது. அன்று அதைத் தாங்கியவர்கள் யார்? முதலாம் உலகப் போர்க் காலத்துச் சம்பவமொன்று இதற்கு விடை தருகிறது.

மத்திய ஆபிரிக்காவின் தங்கனீக்கா ஏரி 600 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. 1914இல் அதன் கிழக்குக் கரை ஜேர்மனியரிடமும் மேற்குக் கரை பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்த கொங்கோவிடமும் இருந்தது. ஆயுதம் பூட்டிய கப்பல்கள் ஜேர்மனியரிடம் இருந்ததால் ஏரி முழுவதும் அவர்களது கட்டுப்பாட்டிலேயே கிடந்தது. ஜேர்மனியின் பாப்பன்பூர்க் நகரில் கட்டப்பட்டு, பகுதி பகுதியாகக் கழற்றி அனுப்பப்பட்ட 'கிராஃப் ஃபொன் கோட்சன்' என்ற பெருங்கப்பலும் 1915 பெப்ரவரியில் அங்கே நீரில் இறக்கப்பட்டது.

ஜோன் லீ என்ற வேட்டைக்காரர் 1915 ஏப்ரலில் லண்டனிலுள்ள கடற்படைத் தலைமையகத்திடம் ஒரு யோசனையை முன்வைத்தார். விரைவாக ஓடும் சிறு மோட்டார் படகுகளைத் தென்னாபிரிக்கா வழியாகத் தரைமார்க்கமாகக் கொண்டுசென்று ஏரியில் இறக்க வேண்டும் என்பதே அது. தலைமையகம் இணங்கியது. ஏறத்தாழ 40 அடி நீளமான இரண்டு படகுகள் தெரிவாகின. பொறுப்பு ஜெஃப்ரி ஸ்பைசர்-சிம்சன் என்ற அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. பூனை, நாய் என்று பெயரிட அவர் விரும்பினார், மேலிடம் மறுத்தது. 'மிமி', 'டூட்டூ' என்று பிரெஞ்சுக் குழந்தைப் பேச்சில் அதே பொருள்படும் பெயர்களைச் சூட்டினார்.

1915 ஜூன் 15ஆம் திகதி இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய படகுகள், கேப் டவுணிலிருந்து ரயிலில் வடக்கே சென்று ஓகஸ்ட் தொடக்கத்தில் கொங்கோவின் ஃபுங்குருமே என்ற இடத்தை அடைந்தன. தண்டவாளம் அங்கே முடிந்தது. அடுத்த தண்டவாளம் தொடங்கும் சங்கிசியாவுக்கு 146 மைல்கள். இடையில் காடும் மிதும்பா மலைத்தொடரும் இருந்தன.

நீராவியால் இயங்கும் இரண்டு இழுவை இயந்திரங்கள் படகுகளை இழுத்தன. ஆனால், இயந்திரம் செல்ல முதலில் பாதை வேண்டுமல்லவா? மரங்கள் வெட்டப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட மரப்பாலங்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் சில, இயந்திரத்தின் பாரம் தாங்காமல் முறிந்தன. செங்குத்தான ஏற்றங்களில் இயந்திரம் திணறியபோது மாடுகள் பூட்டப்பட்டன. கப்பியும் வடமும் கட்டி இழுக்கப்பட்டது. இறக்கங்களில் நிலைமை இன்னும் மோசம். பாரமான படகு முன்னே பாய்ந்துவிடாமல் பிடித்து வைப்பது இழுப்பதைவிடக் கடினமானது. இன்று ட்ரெயிலர் இழுப்போர் தடுப்புக்கு முதலிடம் கொடுப்பதன் காரணமும் இதுவே.

அதுவோ வறண்ட பருவம். கொதிகலன்களுக்குத் தண்ணீர் இல்லை. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் மைல்கணக்கில் நடந்து, குடங்களில் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றினார்கள். அவர்கள் ஊற்றிய நீரே ஆவியாகிச் சக்கரங்களைச் சுழற்றியது.

செப்டெம்பர் 28ஆம் திகதி படகுகள் சங்கிசியாவை அடைந்தன. அங்கிருந்து ரயிலிலும் லுவாலபா ஆற்றிலும் பயணித்து ஒக்டோபர் இறுதியில் ஏரிக்கரையை எட்டின. டிசம்பர் 26ஆம் திகதி 'கிங்கானி' என்ற ஜேர்மன் கப்பல் சில நிமிடச் சண்டையில் பிடிபட்டது. 1916 பெப்ரவரி 9ஆம் திகதி 'ஹெட்விக் ஃபொன் விஸ்மன்' மூழ்கடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் 'கோட்சன்' கப்பலை ஜேர்மனியர் தாமே மூழ்கடித்துவிட்டுப் பின்வாங்கினர்.

ஸ்பைசர்-சிம்சனுக்கு உயரிய இராணுவ விருது கிடைத்தது. யோசனை தந்த லீயோ படகுகள் ஏரியை அடையுமுன்னரே பணியிலிருந்து விலக்கப்பட்டுவிட்டார். ஏரிப்போரின் சாயலில் சி.எஸ். ஃபொரெஸ்டர் 1935இல் 'ஆபிரிக்கன் குயீன்' என்ற நாவலை எழுதினார். 1951இல் வெளிவந்த அதன் திரைப்படம் ஹம்ப்ரி போகார்ட்டுக்கு ஒஸ்கார் விருதைப் பெற்றுக் கொடுத்தது.

மரம் வெட்டியவர்களின் பெயரையோ தண்ணீர் சுமந்த பெண்களின் பெயரையோ யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தப் போரில் சுமைகாவிகளாகச் சென்ற ஆபிரிக்கர்களில் பிரித்தானியத் தரப்பில் மாத்திரம் 90 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். பெரும்பாலானோரைக் கொன்றவை நோயும் பசியும் களைப்புமே. தமக்குச் சம்பந்தமில்லாத இரு பேரரசுகளின் சண்டைக்காக அவர்கள் சுமந்தார்கள்.

மூழ்கிய 'கோட்சன்' 1924இல் மீட்கப்பட்டு, 1927இல் 'லியெம்பா' என்ற பெயருடன் பயணிகள் கப்பலாகியது. 2015இல் புருண்டியின் வன்முறைக்குத் தப்பி ஏரிக்கரையில் தவித்த ஆயிரக்கணக்கான அகதிகளைத் தன்சானியாவின் கிகோமாவுக்கு ஏற்றிச் சென்றது அதே கப்பல்தான். போருக்கென வந்த கப்பலுக்கு நூறாண்டுகளின் பின் இப்படியொரு நற்பேறு வாய்த்தது. கப்பலின் கதையைப் பதிவு செய்த வரலாறு, படகுகளுக்கு வழி அமைத்த மனிதர்களுக்கு ஒரு வரியையாவது ஒதுக்கியிருக்கலாம்.