நூறு கோடி அபராதமும் பதினைந்து லட்சமும்

1986-ஆம் வருடச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் அதிகபட்சம் ஒரு லட்சம், சிறை ஐந்து வருடம்.

2013 ஏப்ரல் 2 அன்று, நம்ம தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் மாசுபடுத்தியதற்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. அத்தனை பெரிய கம்பெனிக்கு அதற்குக் குறைந்தால் உறைக்காது என்றது. பணத்தைக் கலெக்டர் வங்கியில் டெபாசிட் போட்டு, வட்டியில் சுற்றுவட்டார மண்ணையும் தண்ணீரையும் சீராக்க வேண்டும். நாம் பென்ஷன் பணத்தைப் போட்டு வைப்பது மாதிரிதான். அன்று எனக்குச் சந்தோஷம்.

ஆலை ஓடியது. 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போன பிறகே பூட்டு விழுந்தது.

2023-இல் சட்டத்தைத் திருத்தி, சிறைக்குப் பதிலாக 15 லட்சம் வரை அபராதம் என்றார்கள். 100 கோடி கட்டியும் ஓடிய ஆலையைப் பார்த்தவன் நான். 15 லட்சம் யாருக்கு உறைக்கும்?