தாதியின் தகுதி: கடல் கடக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

அன்னாசிப் பழத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர் ஜொகூரின் பெக்கான் நானாஸ். 1998-இல் மலேசிய-சிங்கப்பூர் இரண்டாவது இணைப்புப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, இவ்வட்டாரத்திற்குச் சிங்கப்பூர் இன்னும் பக்கமாகிவிட்டது. தாதியர் பயிற்சி பெறும் மகள் இருக்கும் வீட்டில், "அக்கரையில் வேலை கிடைக்குமா?" என்ற பேச்சு எழுவது இயல்பே. "எந்தத் தகுதியில் கிடைக்கும்?" என்று கேட்போர் குறைவு. அப்படிக் கேட்காமல் போனவர்கள் கொடுத்த விலைக்கு வரலாறு சாட்சி.

1948-இல் பிரிட்டனில் தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியபோது தாதியர் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. காமன்வெல்த் நாடுகளிலிருந்து இளம்பெண்கள் வரவழைக்கப்பட்டனர். 1960, 70-ஆம் ஆண்டுகளில் மலேசியப் பெண்கள் பலரும் பயிற்சிக்காக அங்குச் சென்றனர்.

அங்கே இரு பாதைகள் இருந்தன. மூன்றாண்டு பயின்றவர் 'எஸ்.ஆர்.என்.' எனும் பதிவு பெற்ற தாதி. இரண்டாண்டு பயின்றவர் 'எஸ்.இ.என்.' எனும் கீழ்நிலைத் தாதி. இந்த இரண்டாம் நிலையை உருவாக்கியது 1943-ஆம் ஆண்டுச் சட்டம். இரவுப் பணியும் நோயாளியும் இருவருக்கும் பொது. பதவி உயர்வு மட்டும் பொதுவல்ல. வெளிநாட்டுப் பெண்கள் பலர், மேல்நிலைப் பயிற்சிக்குத் தகுதி இருந்தும், வேறுபாடு விளக்கப்படாமலேயே இரண்டாண்டுப் பாதையில் சேர்க்கப்பட்டனர். அந்தச் சான்றிதழைப் பல நாடுகள் முழுத் தகுதியாக ஏற்கவில்லை என்பது பின்னரே அவர்களுக்குப் புரிந்தது.

இன்று சோதனை முறை மாறியுள்ளது. 2014 முதல் பிரிட்டன் செல்ல விரும்பும் தாதி, கணினித் தேர்வைத் தம் நாட்டிலேயே எழுதலாம். செய்முறைத் தேர்வைப் பிரிட்டனில் எழுத வேண்டும். அதில் நோயாளியின் நிலையை மதிப்பிடுவது, பராமரிப்பைத் திட்டமிடுவது, செய்து காட்டுவது எல்லாம் சோதிக்கப்படும். ஆங்கிலத் தேர்ச்சியும் தேவை.

ஆனால் இரு நிலைப் பதிவு மறைந்துவிடவில்லை. சிங்கப்பூரில் இன்றும் அது உண்டு. எந்த நிலையில் பதிவு என்பதைத் தீர்மானிப்பது அந்நாட்டுத் தாதியர் வாரியம்; ஏஜெண்டின் வாக்குறுதி அல்ல.

வெளிநாட்டிலிருந்து வரும் சுகாதாரப் பணியாளரை உள்நாட்டில் பயின்றவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2010-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. அது சட்டமல்ல, வேண்டுகோள்தான்.

ஆகவே ஊசி போடவும் ஆங்கிலம் பேசவும் தெரிந்தால் மட்டும் ஒரு தாதி தயாராகிவிட்டார் என்று சொல்ல முடியாது. கையெழுத்திடும் தாளில் தம் பதவியின் பெயர் என்ன, அதற்கு மேல் படியேற வழி உண்டா என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர்களே, மகளின் பெட்டியைக் கட்டுமுன் அந்தத் தாளை ஒருமுறை படித்துப் பார்த்தீர்களா?