கையடக்கக் கணிப்பொறியும் தாய்மொழி எழுத்தும்

பெங்களூரு நகரின் ரிச்சர்ட்ஸ் டவுனில் மாலை வேளையில் உலவுவோர் செவியில் தமிழும் கன்னடமும் உருதுவும் ஆங்கிலமும் மாறி மாறி விழும். பழைய கண்டோன்மெண்டைச் சார்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதுமையன்று. பேச்சில் பன்மொழி அறிந்தவர்க்கும் எழுத்தில் ஒரு மொழியே துணையாவதுண்டு; சிலர்க்கு அதுவும் இல்லை. இத்தகையோர்க்குக் கணிப்பொறி எங்ஙனம் பயன்படும்? இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியொன்று அதே நகரில்தான் பிறந்தது.

1998 அக்டோபரில், வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றிய கருத்தரங்கு பெங்களூரில் கூடியது. அதன் பயனாக, இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களான சுவாமி மனோகர், விஜய் சந்துரு முதலியோரும், என்கோர் மென்பொருள் நிறுவனத்தைச் சார்ந்தோரும் சேர்ந்து 1999இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை நிறுவினர். எளிமை, மலிவு, பன்மொழி ஆகிய மூன்றுமே அவர்கள் படைத்த கையடக்கக் கருவியின் நோக்கங்கள்.

அதன் நினைவகம் 32 மெகாபைட் அளவினதே. மேசைக் கணிப்பொறிக்கென எழுந்த பெரிய இணைய உலாவிகள் அதற்குப் பெருஞ்சுமை. ஆதலின் அவ்வறிஞர்கள் ஐ.எம்.எல். என்னும் தனிக் குறிமொழியையும், அதற்கேற்ற சிற்றுலாவியையும் தாமே வகுத்தனர். படங்களைத் தொட்டு இயக்கலாம். எழுத்தறியாதவர்க்கு இந்திய மொழியில் வாசித்துக் காட்டும் குரலும் உண்டு. ஒரு கருவியை ஊரார் பலர் பகிர்ந்துகொள்ளுமாறு, அவரவர் செய்திகளைத் தாங்கும் சிறு அட்டையும் அமைத்தனர்.

2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையுடன் 'அமிடா' என்னும் பெயரில் அது சந்தைக்கு வந்தது. ஐம்பதாயிரம் விற்பனையாகுமென எதிர்பார்த்த இடத்தில், 2005 வரை விற்றவை ஏறத்தாழ நான்காயிரமே. அதற்குள் கைப்பேசி மலிந்துவிட்டது.

அத்தகைய பழங்கருவிகளை இன்று எடுத்து, 'டில்லோ' போன்ற சிற்றுலாவிகளை இட்டுப் பார்ப்போர் உண்டு. அவர்கள் காணும் தடைகள் இரண்டு. இன்றைய தளங்கள் கோரும் புதிய மறையாக்க முறையைப் பழைய உலாவி அறியாது, வாயிலிலேயே நின்றுவிடும். மற்றொன்று நம் எழுத்து. 'கெ' என்பதை யூனிகோடு முறை ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னுமாகச் சேமிக்கிறது. திரையில் கொம்பை முன்னே கொணரும் அறிவு கருவிக்கு இல்லையேல், சொற்கள் சிதைந்தோ வெறும் கட்டங்களாகவோ தோன்றும்.

இத்தடையைக் கடக்கப் பிற்காலத்தில் வேறொரு வழி பிறந்தது. நார்வே நாட்டினர் 2005இல் வெளியிட்ட ஆப்பெரா மினி, பக்கத்தைத் தொலைவிலுள்ள கணிப்பொறியில் சுருக்கி அனுப்பியது. அதில் ஓர் அமைப்பை மாற்றிவிட்டால், இந்திய எழுத்துக்கள் படங்களாகவே வந்து சேரும். தமிழ் எழுத்துரு இல்லாத எளிய கைப்பேசிகளிலும், அயல் மாநிலத்தில் வாழ்ந்த தமிழர் பலர் ஊர்ச் செய்திகளைத் தம் எழுத்தில் படித்தது இவ்வாறே.

சிம்ப்யூட்டர் வணிகத்தில் தோற்றது உண்மை. எனினும், கருவிக்கேற்ப மனிதன் மாறுவதா, மனிதனுக்கேற்பக் கருவி மாறுவதா என்ற வினாவில் அதன் ஆசிரியர்கள் எடுத்த பக்கம் தோற்கவில்லை. இன்று கைப்பேசி தமிழைக் காட்டுகிறது, படித்தும் சொல்கிறது. வெளியூரில் பிறந்து தமிழ் பேச மட்டும் கற்ற நம் பிள்ளைகளுக்கு, அவ்வெழுத்தைக் கற்பிக்கும் கடமை கருவியினுடையதன்று, நம்முடையதே.