வாவியைக் கடக்கிற நேரம்

ஆஸ்பத்திரியின் 'தரம்' எண்டு சொன்னா எங்கட மனசில வாறது புதுக் கட்டடம், டைல்ஸ் தரை, நம்பர் துண்டு குடுக்கிற மெசின். அதெல்லாம் வேணாம் எண்டு நான் சொல்ல வரேல்ல. ஆனா இலங்கையின் சுகாதார வரலாற்றை வாசிக்கேக்க என்னைப் பிடிச்சு நிறுத்தினது, பிரசவத்தில ஒரு தாய் இறந்தா அந்த ஒரு சாவுக்காக நாட்டில் எத்தனை பேர் இருந்து யோசிக்கிறார்கள் என்ற விஷயம்தான்.

1930களில் இங்கே ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் கூடுதலான தாய்மார் இறந்தார்கள். ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய் எண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஊரிலயும் தாயில்லாப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். 1950 அளவில் இது 500ஐ ஒட்டிக் குறைந்தது. இப்ப 30 அளவில நிக்குது. இதுக்கு ஒரே காரணம் சொல்ல ஏலாது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையால பயிற்சி பெற்ற மிட்வைஃப்மார் வீடு வீடாகப் போனார்கள். 1946இல் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கினதும் மலேரியா குறைந்தது. எங்கட பக்கம் மாதிரி வரண்ட வலயத்தில மலேரியாவால இரத்தம் வற்றிப்போன கர்ப்பிணிகளுக்கு அதுவே பெரிய விடுதலை.

இப்படி ஒரேயடியாகக் குறைக்கக்கூடியது குறைந்த பிறகு, மிச்சச் சாவுகளைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1952இலேயே பெயர்களை மறைத்து ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஆராயிற வழக்கம் தொடங்கிவிட்டது. இலங்கையில் 1980களில் தாய் மரணத்தை அறிவிப்பது கட்டாயமாச்சு. ஒரு தாய் இறந்தா ஆஸ்பத்திரிக்குள்ள ஒரு விசாரணை நடக்கும். ஊரில மிட்வைஃப் மிஸ்ஸும் சுகாதார வைத்திய அதிகாரியும் வீட்டுக்குப் போய், எப்ப வலி வந்தது, யார் முதல்ல கவனிச்சது, வாகனம் எப்ப கிடைச்சது எண்டு விசாரிப்பார்கள். பிறகு மாவட்ட மட்டத்தில, கடைசியாக கொழும்பில குடும்ப சுகாதாரப் பணியகத்தோட மகப்பேற்று நிபுணர்களும் இருந்து பார்ப்பார்கள். யாரைத் தண்டிக்கலாம் என்பது அந்த மேசையில கேள்வி இல்லை. எங்க பிந்தினது, அதைத் தடுத்திருக்கலாமா என்பதுதான் கேள்வி.

பிந்துறதை மூன்றாகப் பிரித்து 1994இல் தடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். போவம் எண்டு முடிவெடுக்கப் பிந்துறது முதலாவது. போய்ச் சேரப் பிந்துறது இரண்டாவது. சேர்ந்த பிறகு சிகிச்சை பிந்துறது மூன்றாவது. எனக்கு இரண்டாவதை வாசிச்சவுடனே மட்டக்களப்பு வாவிதான் கண்ணுக்கு முன்னால வந்தது.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. பெரிய ஆஸ்பத்திரி, இரத்த வங்கி, சத்திரசிகிச்சைக் கூடம் எல்லாம் எழுவான்கரைப் பக்கம். படுவான்கரையில் மகிழடித்தீவு, மண்டூர் மாதிரிச் சின்ன ஆஸ்பத்திரிகள். நடுவில தண்ணி. தண்ணியைக் கடக்கப் 'பாதை'. (வெளியூர் ஆக்களுக்கு: எங்கட ஊரில பாதை எண்டா ரோட்டு மட்டுமில்லை, ரோட்டு முடிஞ்ச இடத்தில ஆக்களையும் மோட்டார் சைக்கிளையும் மாட்டையும் ஏத்திக்கொண்டு மறுகரைக்குப் போற மிதவை.) பாதை அந்தக் கரையில நிண்டா இந்தக் கரையில காத்திருக்க வேணும். பிள்ளை பிறந்த பிறகு இரத்தப்போக்கு நிக்காட்டி ஒரு தாய் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே இறந்துபோகலாம். அந்த இரண்டு மணித்தியாலத்தில பாதைக்கு எவ்வளவு, பயணத்துக்கு எவ்வளவு எண்டு நீங்களே பிரிச்சுப் பாருங்கள்.

போர்க்காலத்தில இந்தத் தண்ணியே எல்லைக்கோடாகவும் இருந்தது. 2007 வரைக்கும் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில், எழுவான்கரை இராணுவத்தின் கட்டுப்பாட்டில். வலி வந்த பெண்ணுக்குத் தண்ணியோட சோதனைச்சாவடியும் சேர்ந்தது. இரவு எண்டா சொல்லத் தேவையில்லை. விடியும் வரைக்கும் ஊர் மருத்துவிச்சியின் கையைத்தான் நம்பவேண்டிய நிலை. அந்த மருத்துவிச்சிமாரைப் பற்றி யாரும் ஒழுங்கா எழுதி வைக்கேல்ல என்பது எனக்கு இன்னும் ஒரு குறை.

2014இல் ஜப்பான் உதவியோட மண்முனைப் பாலம் திறந்தார்கள். திறப்பு விழாப் பேச்சுகளில பாலம் எண்டா அபிவிருத்தி, வியாபாரம். என்னைக் கேட்டா, கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு அது ஒரு சுகாதாரத் திட்டமும்தான். அதைக் கட்டினது சுகாதார அமைச்சு இல்லை. அம்பிளாந்துறையிலயும் மண்டூரிலயும் அதுக்குப் பிறகும் பாதைதான் ஓடினது.

இதே நாட்டில்தான் 2000ஆம் ஆண்டளவில் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில், வைத்தியர் விமல் கரந்தாகொடவின் பொறுப்பில், ஜப்பான் தொழிற்சாலைகளின் 'ஃபைவ் எஸ்' முறை வந்தது. தேவையில்லாததை அகற்று, மிச்சத்தை ஒழுங்காக்கு, சுத்தம் பேணு என்ற முறை. அதைப் பார்த்துப் படிக்க ஆபிரிக்காவிலிருந்தே ஆக்கள் வந்தார்கள். அவசர மருந்து எந்தத் தட்டில இருக்கு எண்டு இருட்டிலயும் தெரிஞ்சா மூன்றாவது தாமதம் குறையும், உண்மைதான். ஆனா நல்லா அடுக்கின வார்டு வாவிக்கு அங்கால இருந்தா, இரண்டாவது தாமதம் அப்படியே இருக்கும்.

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்துது. விசாரணையில பெயர்களை மறைக்கிறது சரி. தண்டிப்பாங்க எண்டு பயந்தா யாரும் உண்மை சொல்லமாட்டார்கள், அடுத்த தாயும் அதே மாதிரி இறப்பா. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் வெளிநாடு போயிட்டார்கள். மிச்சமிருக்கிற ஆக்களை ஃபேஸ்புக்கில வைச்சுக் கிழிக்கிறதால எந்த வார்டும் திருந்தாது. ஆனா வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள், கண்டுபிடிச்சதை அந்த வீட்டுக்கும் வந்து சொல்லவேணும். எந்த மிஸ், எந்த டொக்டர் எண்டு சொல்லத் தேவையில்லை. இரத்தம் பிந்தினதா, வாகனம் பிந்தினதா, பாதை பிந்தினதா எண்டாவது அந்தப் பிள்ளையை வளர்க்கிற அம்மம்மாவுக்குத் தெரியவேணும்.